தரைத்தள ஏசி அறையும் ரேடானும்

பெசன்ட் நகரின் பழைய தனி வீடுகளில் சாயங்காலம் ஆனால் ஜன்னலைத் திறந்துவைப்பார்கள். கடல்காற்று வீடு முழுக்க உலாவும். இப்போது கொசுவுக்கும் தெருச் சத்தத்துக்கும் பயந்து ஜன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டுவிடுகிறோம். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருப்பதையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. தரைக்கடியிலிருந்து கசிந்து வருவதும் விடியும்வரை நம்மோடு தங்கிவிடுகிறது. அப்படி வருவதில் ஒன்று ரேடான்.

அபாயம் என்ன?

மண்ணிலும் பாறையிலும் இயல்பாகவே உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது உண்டாகும் கதிரியக்க வாயு இது. நிறமில்லை, வாசனையில்லை. சிதைவில் பிறக்கும் நுண்துகள்கள் நுரையீரலில் படிந்து கதிர்வீசும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இல் இதைப் புற்றுநோய் உண்டாக்குவதாக அறிவித்தது. ஒரு கன மீட்டர் காற்றில் ரேடான் 100 பெக்கரலுக்குள் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருப்பது நல்லது, முடியாத இடத்திலும் 300ஐத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. புகைபிடிப்பவர்களுக்கு ரேடானால் வரும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 25 மடங்கு.

கடற்கரையில் நடக்கப் பயம் வேண்டாம். கல்பாக்கம், மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் கனிமத்தின் தோரியத்திலிருந்து தோரான் என்ற வாயு வருகிறது. அது ஒரு நிமிடத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். திறந்தவெளியில் மிச்சத்தையும் காற்று கலைத்துவிடும். மாடிவீட்டுக்காரர்களுக்கும் கவலை குறைவு. கீழே கார் நிறுத்த விட்டிருக்கும் திறந்த தளத்திலேயே மண்ணிலிருந்து வரும் வாயு வெளியேறிவிடுகிறது. கவனிக்கவேண்டியவை, தரையோடு ஒட்டிய அறைகளும் பேஸ்மென்ட்டும்தான்.

என்ன செய்யலாம்?

முதலில் அளவெடுங்கள். சிறு டப்பாவுக்குள் ஃபிலிம் வைத்த அளவி ஒன்றை மூன்று மாதம் படுக்கையறையில் வைப்பது நம்பகமான வழி. ஒரே ராத்திரி எடுத்த அளவை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

தரை விரிசலையும், குழாய் நுழையும் சந்துகளையும் அடைத்துவிடுங்கள். காலையிலும் மாலையிலும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஓடவிடாதீர்கள். அறைக்குள் அழுத்தம் குறைந்து, மண்ணிலிருக்கும் வாயுவை அதுவே இன்னும் உள்ளே இழுக்கும்.

இத்தனைக்கும் பிறகு அளவு இறங்காவிட்டால்தான் இயந்திர ஏற்பாடு. தரையைத் துளைத்து பிவிசி குழாய் இறக்கி, விசிறியால் அடிமண் காற்றை உறிஞ்சி, கூரைக்கு மேலே விடுவார்கள். அமெரிக்க வீடுகளில் இது வழக்கம்.

உங்கள் உரிமை

வீடு விற்பவர் ரேடானை அளந்து சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. ஆனால் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவான திட்டத்தில், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தரை விரிசல் அப்படிப்பட்ட குறையாக இருந்தால், போட்டோவோடு எழுத்தில் கொடுங்கள். அசைந்துகொடுக்காவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம்.

“ரேடானை ஒழிக்கும் ஏர் பியூரிஃபையர்” என்று யாராவது விற்க வந்தால் உஷார். தூசி பிடிக்கும் ஃபில்டரில் வாயு சிக்காது. ஏமாற்று விளம்பரத்தை நம்பி வாங்கியிருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். நம் ஊரில் கடல்காற்றுக்கு விலையில்லை. கொசுவலை அடித்த ஒரு ஜன்னல் போதும்.