புளியமரத்தடி சீட்டும் போர்வைக்குள் ரம்மியும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலம் பக்கம் மக்காச்சோளம் விற்ற காசு மொத்தமாகக் கைக்கு வரும். முன்பு மடியில் முடிந்து வீட்டுக்கு எடுத்து வருவார்கள். இப்போது வங்கிக் கணக்கில் விழுகிறது. கணக்கோ செல்போனுக்குள் இருக்கிறது.

காசு வைத்துச் சீட்டாடுவது ஊருக்குப் புதிதல்ல. புளியமரத்தடியில் ஆடுவார்கள், போலீஸ் வந்தால் வாய்க்கால் தாண்டி ஓடுவார்கள். ஆனால், அந்த ஆட்டத்துக்கு ஊரே சாட்சி. யார் எவ்வளவு விட்டார் என்ற சேதி இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடும். ஆன்லைன் ரம்மிக்கும் போக்கருக்கும் சாட்சி கிடையாது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கே தெரியாது. தெரியும்போது நகை அடகுக் கடையில் இருக்கும்.

திறமையா, அதிர்ஷ்டமா?

இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் தமிழ்நாட்டில் இத்தனை வருடச் சண்டை. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆன்லைன் நிறுவனங்களுக்கு அதுவே கேடயம்.

2020 நவம்பரில் அ.தி.மு.க. அரசு அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தது. அடுத்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தி.மு.க. அரசு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. தற்கொலைத் தடுப்புக்காக உழைக்கும் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இருந்தார். 2022 அக்டோபரில் சட்டசபை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஆர்.என்.ரவி சில மாதங்கள் கழித்துத் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டசபை மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

அதோடும் முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்பதால் அவற்றுக்கான தடை செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடுக்க முடியாத அரசு, 2025-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தது: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். ஜூன் மாதம் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஊர் தூங்கும் நேரத்தில்தான் பணம் கரைகிறது என்பது அரசுக்கும் புரிந்திருந்தது.

டெல்லி போட்ட பூட்டு

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்தக் கேள்வியையே ஒதுக்கிவைத்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் கூடாது என்றது புதிய சட்டம். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. பல நிறுவனங்கள் உடனே கடையைச் சாத்தின. எதிர்ப்பு வழக்குகள் உச்ச நீதிமன்றம் போயின.

முன்வாசல் பூட்டினாலும் கொல்லைப்புறம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் ஆட்டங்களுக்கு ஒரு லிங்க் போதும். ஆகவே வீட்டிலும் ஒரு கண் வேண்டும். காரணமில்லாத கடன், ராத்திரி விழிப்பு, போனை மறைக்கும் பழக்கம் தெரிந்தால் சண்டைக்குப் போகாமல் உட்கார்ந்து பேசுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, இணைய மோசடிப் புகாருக்கு 1930 ஆகிய எண்களை அழைக்கலாம்.

ஆடுபவரைச் சட்டம் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. வீடும் அப்படிப் பார்க்காமல் இருந்தால், விட்ட காசை அவர் வாய்விட்டுச் சொல்வார். புளியமரத்தடியில் ஊர் செய்த வேலை அதுதான்.