உள்ளத்தின் பாரமும் இறைநினைவின் பயிற்சியும்



வெலிமடை, குருத்தலாவைப் பகுதிகளின் மரக்கறிச் செய்கையாளர்கள் 2021ஆம் ஆண்டின் இரசாயன உரத் தடையையும், அதனைத் தொடர்ந்து 2022இல் வந்த பொருளாதார நெருக்கடியையும் அடுத்தடுத்துச் சுமந்தனர். பசறை, அப்புத்தளைத் தோட்டங்களை நம்பிக் கடை நடத்துவோரின் கடன் கொப்பிகளும் அக்காலத்தில் தடித்தன. நெருக்கடி தணிந்த பின்னரும் உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, எரிச்சல் என்பன பல வீடுகளை விட்டு நீங்கவில்லை. தந்தையின் கோபத்தை அறிந்த பிள்ளைகள் அதன் காரணத்தை அறிவதில்லை.

தியானம் என்றதும் அது பிற சமயத்தாருக்குரியது என ஒதுக்குவோர் நம்மில் உளர். முத்தியங்கனை விகாரையில் மூச்சைக் கவனித்து அமர்வது நம் பௌத்த அயலவரின் வழி. நமது மார்க்கத்திலும் உள்ளத்தை ஒருமுகப்படுத்தும் வழிகள் பல உள்ளன.

அவற்றில் எளியது திக்ர். திரிகை சுற்றிக் கைகள் காய்த்துப்போன பாத்திமா (ரழி) அவர்கள் பணியாளர் ஒருவரை வேண்டித் தந்தையாரிடம் சென்றார்கள். நபி (ஸல்) அவர்கள் அன்றிரவு மகளின் இல்லத்திற்கே வந்து, படுக்கைக்குச் செல்லும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 தடவைகள் ஓதுமாறு கற்றுக்கொடுத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான நிகழ்ச்சி இது. அலி (ரழி) அவர்கள் ஸிப்பீன் போரின் இரவிலும் இதனை விட்டதில்லை. பகல் முழுவதும் கொழுந்து பறித்துத் திரும்பும் கைகளுக்கு இது தொலைவான வரலாறன்று.

ஆயினும் நம்மில் பலர் நூற்றையும் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகின்றனர்! ஒரு மூச்சுக்கு ஒரு வாசகமாக, பொருளை உணர்ந்து ஓதிப் பாருங்கள். ஒரு சொல்லை அமைதியாகத் திரும்பத் திரும்பக் கூறுகையில் மூச்சும் இதயத் துடிப்பும் தணிவதை அமெரிக்க இதய வைத்தியர் ஹெர்பர்ட் பென்சன் 1975இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கிறிஸ்தவ ஜெபமாலையும் யோக மந்திரமும் மூச்சை நிமிடத்திற்கு ஆறளவாகக் குறைத்ததை இத்தாலிய ஆய்வொன்று 2001இல் காட்டியது. நிதானமாக ஓதப்படும் திக்ரிலும் மூச்சு அவ்வாறே நீள்கிறது.

அடுத்தது தஃபக்குர், அதாவது படைப்பைச் சிந்தித்தல். ஆல இம்ரான் அத்தியாயத்தின் 191ஆம் வசனம் இதனைப் பேசுகிறது. சுப்ஹுக்குப் பின் நமுனுகுலை மலையில் பனி விலகுவதைக் கைத்தொலைபேசியின்றிப் பத்து நிமிடம் நோக்கியிருக்க இளைஞர்களால் இயலுமா?

மூன்றாவது முஹாஸபா என்னும் சுயவிசாரணை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில் 38ஆம் பாகம் இதற்கும், 39ஆம் பாகம் தஃபக்குருக்கும் உரியன. ஆனால் மனச்சோர்வில் வீழ்ந்தவருக்குச் சுயவிசாரணை தன்னையே தூற்றும் வழியாகிவிடக்கூடும். அத்தகையவர் இதனைத் தற்காலிகமாக விட்டு திக்ரோடு நிற்பதே நலம் என்பது எமது கருத்து.

மனநோயை “ஈமான் குறைவு” என இழித்துரைப்போர் ஒன்றை நினைவிற்கொள்க. 1095இல் பக்தாதில் பாடம் நடத்திய கஸ்ஸாலி இமாமுக்கே நாவெழவில்லை, உணவு இறங்கவில்லை. வைத்தியர்கள், நோயின் வேர் உள்ளத்தில் இருப்பதாகக் கூறினர். தம் நிலையை அவர் மறைக்காமல் எழுதியும் வைத்தார்.

எனவே, இரண்டு கிழமைகளுக்கு மேல் உறக்கமும் உணவும் கெட்டிருந்தால், அல்லது வாழ விருப்பமில்லை என ஒருவர் கூறினால், தஸ்பீஹை மட்டும் கையில் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். பதுளை அரசினர் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு. வைத்தியர் தந்த மாத்திரையை அவரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம். இரவுத் திக்ரை அதனுடனேயே ஓதி வரலாம்.