ஜீப்பின் வின்ச்சும் பாட்டரியும்

மும்பையில் மழைக்காலம் என்றாலே மாதுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில் வெள்ளம் தேங்குவதும் வண்டிகள் தத்தளிப்பதும் நாம் அறிந்த காட்சிகள். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, நகரெங்கும் எண்ணற்ற வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. நகரைக் கடந்து மேற்குத் தொடர்ச்சி மலைப்பாதைகளுக்குச் சென்றாலோ, சேறும் ஓடையும் வழிமறிக்கும். அங்குச் சிக்கிய ஜீப், உறுதியான ஒரு மரத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டு தன்னைத் தானே இழுத்துக் கரையேற உதவும் கருவியே வின்ச்.

1940-களின் இறுதியில் மும்பை மஸகானில் ஜீப் வண்டிகளைப் பூட்டி இணைக்கும் தொழில் தொடங்கிற்று. அக்கால வின்ச்சுகள் பெரும்பாலும் எஞ்சினின் சுழற்சியைக் கொண்டே இயங்கின. இன்று பெருவழக்கில் உள்ளது மின்சார வின்ச். ஒரு மோட்டார், அதன் வேகத்தைக் குறைத்து வலிமையைப் பெருக்கும் பற்சக்கரங்கள், வடம் சுற்றும் உருளை ஆகியவையே அதன் உறுப்புகள். அதற்கு உயிரூட்டுவது வண்டியின் 12 வோல்ட் பாட்டரி.

12 வோல்ட் என்றவுடன் அபாயமற்றது என்று பலர் எண்ணுகின்றனர். தொட்டால் அதிர்ச்சி தாக்காது என்பது உண்மையே. ஆனால் அபாயம் வேறிடத்தில் உள்ளது. ஏறத்தாழ 4,000 கிலோ இழுவிசை கொண்ட வின்ச், முழுப் பளுவில் 400 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் கேட்கும். 12-ஐ 400-ஆல் பெருக்கினால் 4,800 வாட். இதே ஆற்றலை வீட்டின் 230 வோல்ட்டில் பெற 21 ஆம்பியர் போதும். அழுத்தம் குறையக் குறைய ஓட்டம் மிகவேண்டும். ஓட்டம் இருமடங்கானால் கம்பியில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். 1915-இல் கொப்போலி நீர்மின் நிலையம் மும்பைக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கியபோது, ஏறத்தாழ ஒரு லட்சம் வோல்ட் அழுத்தத்தைக் கையாண்டதன் காரணமும் இதுவே. அழுத்தத்தை உயர்த்தி ஓட்டத்தைக் குறைத்தால் வழியில் இழப்புக் குறையும். வண்டியில் அழுத்தத்தை உயர்த்த வழியில்லை. ஆகவே கம்பியைத்தான் பருமனாக்க வேண்டும்.

பாட்டரியிலிருந்து வின்ச்சுக்குப் போக 2 மீட்டர், திரும்பி வர 2 மீட்டர் எனக் கொள்வோம். 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 400 ஆம்பியர் செலுத்த முயன்றால், ஏறத்தாழ 5 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். மோட்டார் திணறும், கம்பியின் உறை உருகும். 35 சதுர மில்லிமீட்டர் கேபிளிலோ இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் குறைவே. வின்ச்சுடன் தயாரிப்பாளர் தரும் கேபிளை மாற்றாதிருப்பதே நன்று. நீளம் போதாதெனில் இன்னும் பருமனான கேபிளையே வாங்குக. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியும் கடைகளில் உண்டு. விலை குறைவென மயங்கலாகாது. முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெண்மை தெரிந்தால் அது செம்பன்று.

இணைக்கும் முறையைக் காண்போம். எதிர்முனைக் கேபிளை வண்டியின் சாஸியில் முடித்துவிடாமல் பாட்டரியின் எதிர்முனைக்கே கொண்டுசெல்க. துருவும் வண்ணப்பூச்சும் மின்னோட்டத்தைத் தடுப்பவை. கேபிள் முனைகளில் தகுந்த செம்பு லக்குகளை அழுத்துக் கருவியால் இறுக்கவேண்டும். சுத்தியலால் தட்டுவது போதாது. நேர்முனைக் கேபிளில் பாட்டரிக்கு அருகிலேயே, அந்த ஓட்டத்தைத் தாங்கவல்ல துண்டிப்பு ஸ்விட்ச் ஒன்று இருக்கட்டும். வின்ச் வேலையற்றிருக்கும்போது அதை அணைத்து வைக்கவேண்டும். கேபிள் தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் அவசியம். புகைபோக்கி, விசிறி ஆகியவற்றை அது நெருங்கலாகாது. உறை தேய்ந்து கேபிள் இரும்பைத் தொட்டால், பாட்டரி தன் ஆற்றலையெல்லாம் அவ்விடத்தில் கொட்டும். சில நொடிகளில் தீ மூளும்.

பூட்டும்போது நேர்முனையை முதலிலும் எதிர்முனையை இறுதியிலும் பூட்டுக. கழற்றும்போது எதிர்முனையே முதலில். இவ்வாறு செய்தால், நேர்முனையில் உள்ள ஸ்பேனர் தவறி வண்டியின் உடலைத் தொட்டாலும் பொறி பறக்காது. சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து எரியும் தன்மையுள்ள ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் இது முக்கியம்.

இயக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆயினும் ஆல்டர்னேட்டர் தருவது 100 ஆம்பியர் அளவே; எஞ்சியதைப் பாட்டரி ஈடுசெய்கிறது. ஆகவே சிறிது நேரம் இழுத்து, மோட்டார் ஆற இடைவெளி விடுக. உருளையில் சுற்று அடுக்குகள் குறைவாயிருக்கும்போதே இழுவிசை மிகுதி. ஆனால் வடம் கழன்றுவிடாதபடி உருளையில் சில சுற்றுகளேனும் எஞ்சியிருக்கட்டும். வடத்தை ஒரு கப்பியின் வழியே திருப்பி வண்டியிலேயே மாட்டினால், வேகம் பாதியாகும். இழுவிசையோ ஏறத்தாழ இருமடங்காகும். மோட்டாரின் பளுவும் மின்னோட்டமும் குறையும். விறைத்த வடத்தின் பாதையில் ஒருவரும் நிற்கலாகாது. அறுந்தால் அது உயிர் குடிக்கும்.

நேயர்களே! இவ்வேலையில் மிச்சப்படுத்தக் கூடாத பொருள் கேபிள். மழைக்குமுன் ஒருமுறை இணைப்புகளை இறுக்கி, உறைகளைச் சோதித்து வையுங்கள். அரைமணி நேரத்து வேலைதான்; ஆனால் நடுக்காட்டில், ஓடை பெருகும் வேளையில், வண்டியும் அதில் இருப்போரும் கரையேறுவது அதனைப் பொறுத்தே இருக்கக்கூடும்.