நெடுவழி – 9: நால்வருக்கு ஒரே வேகம்

சென்ற வாரம் தனியாக நடப்பவர்களைப் பார்த்தோம். இந்த வாரம், அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் சேர்ந்து நடக்கும் ஒரு நடை. ஹாங்காங்கில் நவம்பர் மாதத்தில் நடக்கும் 'ட்ரெயில்வாக்கர்'. தூரம் 100 கிலோமீட்டர், கெடு 48 மணி நேரம், அணிக்கு நான்கு பேர்.

1981-ல் இதைத் தொடங்கியவர்கள் கூர்க்கா வீரர்கள். ஹாங்காங் அப்போது பிரிட்டன் வசம் இருந்தது. அங்கே முகாமிட்டிருந்த 'குயின்ஸ் கூர்க்கா சிக்னல்ஸ்' படைப்பிரிவு, தன் பயிற்சிக்கு மக்லிஹோஸ் பாதையைத் தேர்ந்தெடுத்தது. ஆளுநர் மரே மக்லிஹோஸின் பெயரில் 1979-ல் திறக்கப்பட்ட பாதை அது. 1986-ல் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் கைகோத்ததும் பொதுமக்களும் கலந்துகொண்டார்கள். 1997-ல் கூர்க்காக்கள் இங்கிலாந்துக்குப் போனார்கள். போன இடத்திலும் சவுத் டவுன்ஸ் குன்றுகளில் இதே நடையை நடத்தினார்கள். நம் நாட்டில் பெங்களூரு பக்கமும் மும்பைக்கு அருகே கர்ஜத்திலும் நடந்திருக்கிறது.

இந்த நடையின் உயிர் ஒரு விதியில் இருக்கிறது. நான்கு பேரும் சேர்ந்தே கிளம்ப வேண்டும். ஒவ்வொரு சோதனைச்சாவடியையும் சேர்ந்தே கடக்க வேண்டும். ஒருவர் ஓடிப்போய் முதலில் தொட்டுவிட்டால் பயனில்லை. அணியில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் அணியின் வேகம். ராணுவத்துக்கு இது பழகிய பாடம். மேலாளர், கீழாளர் என்று வரிசை போட்டு வாழும் அலுவலகத்துக்கு முற்றிலும் புதிது. அறப்பணி நடைகளில் நான் அறிந்தவரை இதைவிட நல்ல விதி எதுவும் இல்லை.

ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் அணிக்குத் துணைக்குழுவில் நின்றிருக்கிறேன். அணியில் மூவர் ஹாங்காங்காரர்கள்; நான்காமவர் திருநெல்வேலித் தம்பி, மென்பொருள் பிரிவு. துணைக்குழுவின் வேலை மலையடிவாரச் சாவடிகளில் வண்டியோடு காத்திருப்பது. சுடச்சுடச் சூப், உப்பு போட்ட உருளைக்கிழங்கு, மாற்றுக் காலுறை, டார்ச்சுக்கு பேட்டரி. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆளே மயங்கிவிடலாம். அதனால் யார் உப்புச் சேர்த்தார், யார் சேர்க்கவில்லை என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்வோம்.

சாய் குங் பக்கம் முதல் 10 கிலோமீட்டர் நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகும் சமதளச் சாலை. அங்கே எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டு போவார்கள். லாங் கே கடற்கரை தாண்டி ஏற்றம் தொடங்கினால் பேச்சு நின்றுவிடும். இருபதுக்கும் மேற்பட்ட குன்றுகள். மிக உயர்ந்த தாய் மோ ஷானே 957 மீட்டர்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியாது. ஆனால் ஏறியதையெல்லாம் இறங்கி, இறங்கியதையெல்லாம் மறுபடி ஏறும்போது முழங்கால்தான் கணக்குக் கேட்கும்.

மா ஓன் ஷான் மலையை இருட்டில் கடந்து வந்த சாவடியில் தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அணியில் இருந்த கணக்குப் பிரிவு அம்மா ஒருவரின் நடைக்கு ஏற்றபடிதான் நால்வரும் வந்திருந்தார்கள். "வேகமா நடந்தாகூடத் தாங்கிரலாம்ணே. மெதுவா நடக்கறதுதான் வலிக்குது" என்றார். மெய்தான். சொந்த நடையை விட்டு இன்னொருவர் நடைக்குக் காலை மாற்றினால் தசை வேறு விதமாக உழைக்கும். நின்று நின்று காத்திருக்கையில் வியர்வை குளிர்ந்து உடம்பு விறைக்கும்.

பாதையோரம் 500 மீட்டருக்கு ஒரு கல், ஒன்று முதல் 200 வரை எண்ணிட்டு நிற்கும். 124-ஐத் தாண்டினால் ஷிங் முன் நீர்த்தேக்கம். அங்கே அந்த அம்மாவின் காலணியைக் கழற்ற உதவினேன். குதிகாலில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம், நீர் கட்டிப் பளபளத்தது. தோல் எரியத் தொடங்கியபோதே நின்று பிளாஸ்திரி ஒட்டியிருந்தால் இது வந்திருக்காது. மற்றவர்களைக் காக்கவைக்கக் கூச்சப்பட்டு, 2 மணி நேரம் சொல்லாமலேயே நடந்திருக்கிறார். கொப்புளத்தைக்கூடச் சமாளித்திருக்கலாம், அதற்குப் பயந்து காலைச் சாய்த்து வைத்ததில் முழங்காலும் வீங்கிவிட்டது.

அந்தக் கூச்சம் அலுவலகத்திலிருந்து மலைக்கு வந்தது. நிறுவனங்கள் சட்டை அச்சடிக்கக் காட்டும் அக்கறையில் பாதியை, நாலு மாதம் நால்வரும் சேர்ந்து நடந்து பழகக் காட்டினால் போதும். "நில்லுங்க, கால் எரியுது" என்று துறைத்தலைவரிடம் சொல்லும் தைரியம் தானாக வந்துவிடும்.

இது நன்கொடை திரட்டும் நடை. "இவ்வளவு பாடுபடுவதற்குப் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிடலாமே" என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கலாம். ஆனால் யாரும் கேட்காமல் எத்தனை பேர் கொடுக்கிறார்கள்? அந்தத் தம்பி தன் தளத்தில் மேசை மேசையாகப் போய்க் கேட்டார். சம்பளத்தில் தன்னைவிடப் பல மடங்கு மேலே இருப்பவரிடமும், தேநீர் கொண்டுவரும் பெண்ணிடமும் ஒரே மாதிரிக் கேட்டார். அந்தப் பெண் கொடுத்த சிறு தொகையைச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. வறுமைக்கும் பேரிடருக்கும் போகும் பணம் அது. வாங்கியவருக்குப் பாதியில் உட்கார மனம் வராது.

ஆனாலும் அந்த அம்மா ஷிங் முன்னில் நின்றார். அதற்கும் விதி இடம் தருகிறது: விலகுபவர் சாவடியில் பெயரைப் பதிந்துவிட்டே விலக வேண்டும், மலையில் யாரும் கணக்கில்லாமல் தங்கிவிடக் கூடாது என்பதற்காக. மீதி மூவர் தொடரலாம். "நீங்க போங்க" என்று அவரே மூவரையும் எழுப்பி, ஊசி முனைபோல் நிற்கும் நீடில் ஹில்லின் படிகளுக்கு அனுப்பினார்.

இனி வேகம் கூடும் என்று நினைத்தேன். கூடவில்லை. தாய் மோ ஷானிலிருந்து சிமென்ட் சாலையில் இறங்கும்போது தம்பியின் கால்விரல்கள் காலணியின் முனையில் இடித்து இடித்து இரண்டு நகங்கள் கறுத்துவிட்டன. நேற்று எல்லோருக்கும் முன்னால் போனவர் இப்போது கடைசி. மற்ற இருவரும் அவர் நடைக்கு நடந்தார்கள்.

ட்விஸ்க் சாலைச் சாவடியில் அவர்களுக்குச் சூப் ஊற்றியது அந்த அம்மாதான். தம்பி வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக, "உப்பு எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் கீழே குனிந்து அவர் காலணிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

(தொடரும்)