பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிட்டதா? டேஷ்போர்டு விளக்குகள் சொல்வது என்ன? முழு விளக்கம்

காலையில் அவசரமாக ஆபீஸுக்குக் கிளம்புகிறீர்கள். காரில் ஏறி, பிரேக்கை மிதித்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிறீர்கள். பெடல் கல் மாதிரி இருக்கிறது. இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆனால், டேஷ்போர்டில் சிவப்பும் மஞ்சளுமாக அத்தனை விளக்குகளும் எரிகின்றன. 'பிரேக்கே போயிடுச்சோ?' என்ற பயம் வருவது இயல்புதான்.

இதே இறுக்கம், மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருக்கும்போது வந்தால்? முதலாவது பெரும்பாலும் சின்ன விஷயம். இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பெடல் ஏன் இறுகுகிறது?

ஒரு டன்னுக்கும் மேல் எடை கொண்ட காரை வெறும் கால் பலத்தால் நிறுத்துவது கஷ்டம். அதனால்தான் பெடலுக்கும் பிரேக்குக்கும் நடுவே 'பிரேக் பூஸ்டர்' என்ற வட்டமான டப்பா இருக்கிறது. பானெட்டைத் திறந்தால், டிரைவர் பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்.

பெரும்பாலான பெட்ரோல் கார்களில், இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடம் ஒரு ரப்பர் குழாய் வழியாக பூஸ்டருக்கு வரும். டீசல் கார்களில் இதற்கென்றே தனியாக ஒரு வேக்குவம் பம்ப் இருக்கும். இந்த வெற்றிடம்தான் உங்கள் கால் அழுத்தத்தைப் பல மடங்காக்கித் தருகிறது.

வெற்றிடம் இல்லாவிட்டால் அந்த உதவி நின்றுவிடும். பெடல் இறுகும். ஆனால், பிரேக் முழுசா போய்விட்டது என்று அர்த்தமில்லை. வழக்கத்தைவிடப் பல மடங்கு பலமாக மிதித்தால் கார் நிற்கும். இந்த ஒரு விஷயம் நினைவில் இருந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

ஸ்டார்ட் செய்யும் முன் இறுகியிருந்தால்...

இன்ஜின் ஆஃப் ஆன பிறகும் இரண்டு, மூன்று முறை மிதிக்கும் அளவுக்கு பூஸ்டரில் வெற்றிடம் மிச்சமிருக்கும். குழந்தைகள் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்து விளையாடினால் அது தீர்ந்துவிடும். பல நாள் நிறுத்தி வைத்த காரிலும் தானாகக் குறையும்.

பல பட்டன் ஸ்டார்ட் கார்களில், பிரேக் போதிய அளவு மிதிபட்டது என்று சுவிட்ச் உணர்ந்தால்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். பெடல் இறங்காவிட்டால் மின்சாரம் மட்டும் ஆன் ஆகும். விளக்குகள் எல்லாம் எரிவது அதனால்தான். அத்தனையும் கோளாறு அல்ல.

என்ன செய்யலாம்? பெடலைப் பலமாக மிதித்துப் பிடித்துக்கொண்டே பட்டனை அழுத்துங்கள். அப்போதும் ஸ்டார்ட் ஆகவில்லையா? மிதிக்கும்போது பின்பக்க பிரேக் லைட் எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பிரேக் சுவிட்ச் அல்லது பேட்டரி மீது சந்தேகப்படலாம். பெடலுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் உருண்டு போயிருக்கிறதா, மேட் சுருண்டிருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில்), ஹேண்ட்பிரேக் போடுங்கள்.

1. இன்ஜினை ஆஃப் செய்து, பெடல் இறுகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள்.

2. காலை எடுக்காமல், பெடலை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

3. ஸ்டார்ட் ஆனதும் பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. கொஞ்சம்கூட இறங்காவிட்டால் பூஸ்டர், ரப்பர் குழாய், அதிலுள்ள ஒருவழி வால்வு, டீசல் என்றால் வேக்குவம் பம்ப் ஆகியவற்றில் எங்கோ கோளாறு. அந்தக் காரை ரோட்டுக்கு எடுக்க வேண்டாம்.

எந்த விளக்கு, என்ன அர்த்தம்?

இக்னிஷன் ஆன் செய்ததும் விளக்குகள் எரிந்து, சில விநாடிகளில் அணைவது வழக்கமான சோதனை. இன்ஜின் ஓடும்போதும் அணையாமல் இருப்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

சிவப்பு வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி: முதலில் ஹேண்ட்பிரேக் முழுசா இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். ஆயில் ஊற்றி விளக்கை அணைப்பது தீர்வல்ல. ஒன்று லீக், இல்லையேல் பேட் தேய்மானம்.

மஞ்சள் நிற ஏபிஎஸ்: சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால், சடன் பிரேக் போட்டால் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு சறுக்கலாம். மழையில் கூடுதல் கவனம் தேவை.

சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து: முன், பின் சக்கரங்களுக்கு பிரேக்கைப் பிரித்துத் தரும் வசதியும் பாதிக்கப்பட்டிருக்கலாம். காரை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைப்பதே நல்லது.

இறுகிய பெடலுடன் இன்ஜின் விளக்கு: வெற்றிடக் குழாயில் ஓட்டை விழுந்தால் இன்ஜினுக்குள் கணக்கில்லாத காற்று நுழையும். ஐடிலிங்கில் இன்ஜின் உதறும், 'ஸ்ஸ்' என்று சத்தமும் கேட்கும்.

இறுகிய பெடலுடன் பேட்டரி விளக்கு: சில டீசல் வண்டிகளில் வேக்குவம் பம்ப், ஆல்டர்னேட்டருடன் சேர்ந்தே இருக்கும். பெல்ட் அறுந்தால் சார்ஜும் நிற்கும், பிரேக் உதவியும் நிற்கும்.

வெளியில் நிறுத்தும் கார்களில் எலியையும் மறக்கக் கூடாது. ரப்பர் குழாயையும் ஏபிஎஸ் சென்சார் வயரையும் ஒரே ராத்திரியில் கடித்துவைத்தால், பெடலும் இறுகும், விளக்கும் எரியும்.

ஓடும்போது இறுகினால்...

பெடலை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் மிச்சமிருக்கும் வெற்றிடம் செலவாகும். ஒரே அழுத்தாக, தேவைப்பட்டால் இரண்டு காலாலும், பலமாக மிதியுங்கள். விட்டு விட்டு மிதிப்பது, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்போது செய்ய வேண்டியது. இரண்டும் வேறு வேறு கோளாறு.

கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து வேகத்தை அடக்குங்கள். ஹசார்ட் விளக்கைப் போட்டு ஓரம் கட்டுங்கள். ஹேண்ட்பிரேக்கைச் சட்டென்று இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கார் முழுசா நிற்கும் வரை சாவியைத் திருகி எடுக்க வேண்டாம், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

இறக்கத்தில் 'பெட்ரோல் மிச்சம்' என்று இன்ஜினை ஆஃப் செய்து இறங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆஃப் செய்த இன்ஜினில் மிச்சமிருக்கும் பிரேக் உதவியோ இரண்டு, மூன்று மிதிக்குத்தான். முதல் சில வளைவுகளிலேயே அது தீர்ந்துவிடும். அப்போது ஸ்டீயரிங்கும் கனக்கும், இன்ஜின் பிரேக்கிங்கும் இருக்காது. ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் பாதுகாப்பு.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

'பிரேக் சரியில்லை' என்று மட்டும் சொன்னால் பேட் மாற்றி அனுப்பிவிட வாய்ப்புண்டு. பெடல் இறுகியது இன்ஜின் ஓடும்போதா, ஆஃபில் இருக்கும்போதா? எந்த விளக்கு, என்ன நிறம்? சத்தம் கேட்டதா? இந்த மூன்றையும் சொல்லுங்கள். எரியும் விளக்கை செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பட்டறைக்குப் போய்ச் சேரும்போது அந்த விளக்கு அணைந்திருந்தாலும், கோளாறு அங்கேயேதான் இருக்கும்.