எந்தக் கோப்பு, எந்த வரிசையில்?

வன்தட்டுள்ள கணினி விசையை அழுத்தியதிலிருந்து பயன்பாட்டுக்கு வரும்வரை எடுத்துக்கொள்ளும் நேரத்தின் பெரும்பகுதி, கணக்கீட்டில் அல்ல, தரவுக்காகக் காத்திருப்பதிலேயே கழிகிறது. வன்பொருளையும் செயலிகளையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளாகிய இயங்குதளம் தொடங்கும்போது நூற்றுக்கணக்கான கோப்புகளைத் திறக்கிறது. அவை தட்டில் ஆங்காங்கே சிதறிக் கிடப்பதால், ஒவ்வொன்றுக்கும் படிப்புமுனை இடம்பெயர்ந்து, வேண்டிய பகுதி சுழன்று தன்கீழ் வரும்வரை நிற்க வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டில் சராசரியாக அரைச்சுற்றுக் காத்திருப்பே 4 மில்லிநொடிக்கு மேலாகும். முனை நகரும் நேரத்தையும் சேர்த்து ஒரு தாவலுக்கு 12 மில்லிநொடி என்று கொண்டால், ஆயிரம் தாவல்களுக்கு 12 நொடி போய்விடுகிறது. அதே தட்டு அடுத்தடுத்துள்ள தரவை ஒரே ஓட்டமாகப் படிக்குமானால், அந்த நேரத்துக்குள் பல நூறு மெகாபைட்டைத் தந்துவிடும்.

கணினி நேற்றுத் தொடங்கியபோது திறந்த கோப்புகளையே பெரும்பாலும் இன்றும் திறக்கிறது என்பதால், ஒருமுறை கவனித்துக் குறித்து வைத்தால் மறுமுறை அவற்றை முன்கூட்டியே நினைவகத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, தொடக்கத்தை அதிகபட்சம் 120 நொடிகள்வரை கண்காணித்து, தொடப்பட்ட பகுதிகளைப் பிரீஃபெட்ச் என்ற கோப்புறையில் பதிவுசெய்ததோடு, ஏறத்தாழ மூன்று நாளுக்கு ஒருமுறை அக்கோப்புகளைத் தட்டில் அருகருகே நகர்த்தியும் வைத்தது.

லினக்ஸில் இந்நுட்பம் மேலும் கூர்மை பெற்றது. லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டுவின் 9.10 பதிப்புடன் 2009இல் வந்த யூரெட்அஹெட் என்ற நிரல், எந்தக் கோப்புகள் திறக்கப்படுகின்றன என்பதை இயங்குதளத்தின் மையப்பகுதியான கருநிரலிடமிருந்தே அறிந்துகொண்டது. ஆனால் கோப்பின் பெயர் மட்டும் போதாது. பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு நூலகக் கோப்பு இரண்டு மெகாபைட் இருந்தாலும், தொடக்கத்தில் அதன் சில பகுதிகளே தேவைப்படலாம். ஆகவே அது, பக்கம் எனப்படும் 4 கிலோபைட் துண்டுகளில் எவையெவை நினைவகத்துக்கு வந்துள்ளன என்று எம்இன்கோர் அழைப்பின் வழியே கேட்டறிந்து, அவற்றை மட்டும் குறித்துக்கொண்டு, திறக்கப்பட்ட வரிசையை விட்டுத் தட்டில் அமைந்திருக்கும் வரிசையில் படித்தது. முனை முன்னும் பின்னும் அலையாமல் ஒரே திசையில் செல்ல வழிசெய்த இந்த மறுவரிசையே இம்முறையின் மிக அழகிய பகுதி. தொடக்கத்தில் இயங்கும் சேவைகள் புதிதாக நிறுவப்படும்போது பழைய குறிப்பு பயனற்றுப் போகும் என்பதால், அது அழிக்கப்பட்டு அடுத்த தொடக்கத்தில் புதிதாக எழுதப்பட்டது.

திடநிலை வட்டில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை; எனவே மறுவரிசையால் கிடைக்கும் ஆதாயம் அங்கே வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி தன் முன்படிப்புப் பகுதியை 2014இல் 217ஆம் பதிப்போடு நீக்கியபோது, சுழல்தட்டுகளில்கூடப் பல வேளைகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்றும், உருவாக்குநர் எவரும் அத்தகைய தட்டை இப்போது பயன்படுத்துவதில்லை, பராமரிக்கவும் யாரும் முன்வரவில்லை என்றும் காரணம் கூறப்பட்டது. பலன் குறைவு என்ற காரணத்தை ஏற்கலாம். ஆனால் உருவாக்குநரின் மேசையிலிருந்து மறைந்த வன்தட்டு பயனாளரின் மேசையிலிருந்தும் மறைந்துவிட்டதாகக் கொள்வது நியாயமாகாது. குறிப்பிட்ட பகுதியை முன்கூட்டியே படித்து வைக்கச் சொல்லும் ரெட்அஹெட் அழைப்பு லினக்ஸ் கருநிரலில் இன்றும் இருக்கிறது; எதைப் படிக்க வேண்டும் என்ற பட்டியலைத் தொகுத்துக் கொடுக்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.