தண்ணீருக்கும் கணக்கு உண்டு

"பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறான்" என்று ஊதாரியைப் பற்றி நாம் சொல்வதுண்டு. தண்ணீருக்குக் கணக்கே இல்லை என்ற எண்ணத்தில் பிறந்த வசனம் அது. பால் கணக்கும் மளிகைக் கணக்கும் தவறாமல் எழுதும் இல்லத்தரசிகள்கூடக் குழாய்த் தண்ணீருக்குக் கணக்கு எழுதுவதில்லை. அது போகட்டும். ஒரு நகரம் முழுவதற்கும் குடிநீர் வழங்கும் ஸ்தாபனமே கணக்கெழுதாமலிருந்தால் என்ன ஆகும்? கம்போடியா தேசத்தின் தலைநகரமாகிய புனோம் பென் அதை அநுபவித்து அறிந்தது.

1975-ல் கெமர் ரூஜ் கூட்டத்தார் அந்நகரத்து ஜனங்களை வெளியே துரத்தினார்கள். 1979-ல் அவர்கள் ஆட்சி வீழ்ந்து, ஜனங்கள் திரும்பி வந்தபோது குழாய்கள் சிதைந்து கிடந்தன. 1993-லும் நிலைமை சீர்ப்படவில்லை. நூறு குடம் நீரைச் சுத்தி செய்து அனுப்பினால், அவற்றுள் 72 குடங்களால் ஒரு காசும் வரவில்லை. சில ஒழுகிப்போயின, சில களவுபோயின. நாளொன்றுக்குப் பத்து மணி நேரமே தண்ணீர் வந்தது. குழாய் இல்லாத ஏழைகளோ, தண்ணீர் விற்பவர்களிடம் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிக் குடித்தார்கள்.

அவ்வாண்டில் தலைமைப் பொறுப்பை ஏற்ற எக் சோன் சான் என்பவர், முதலில் செய்தது கணக்கெடுப்புத்தான். வீடு வீடாக ஆட்களை அனுப்பினார். ஒவ்வொரு இணைப்புக்கும் மீட்டர் பொருத்தினார். பெரிய மனிதர்களுக்கும் பில் அனுப்பினார். ஒரு படைத்தலைவர் துப்பாக்கியையே நீட்டினாராம். அதற்கும் அவர் அஞ்சினாரில்லை. ஏழைகளுக்குச் சலுகைக் கட்டணத்தில் இணைப்புக் கிடைத்தது. 2006-ல் அவருக்கு மாக்ஸஸே விருது அளிக்கப்பட்டது. 2008-ல் நஷ்டம் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்திருந்தது. ஆயிரம் இணைப்புகளுக்கு 22 ஊழியர் இருந்த இடத்தில் நால்வர் போதுமென்றாயிற்று. இரவும் பகலும் தண்ணீர் வந்தது.

இது வரவு செலவுக் கணக்கு. இதனுள்ளேயே இயற்கையின் கணக்கும் அடங்கியிருப்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். முன்பு 28 குடம் நீரை விற்பதற்கு ஆற்றிலிருந்து நூறு குடம் இறைக்க வேண்டியிருந்தது. பிறகு முப்பது குடமே போதுமாயிற்று. ஒழுகும் ஒவ்வொரு குடத்தோடும், அதை இறைத்த மின்சாரமும் சுத்தி செய்த படிகாரமும் குளோரினும் அல்லவா மண்ணில் ஒழுகுகின்றன?

ஆயினும் கணக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. வீட்டுக்குள் நுழைந்த தண்ணீர் அழுக்காகி வெளியே போக வேண்டுமன்றோ? அந்தப் பொறுப்பு குடிநீர் ஸ்தாபனத்தினுடையதாக இருக்கவில்லை. நெடுங்காலம் புனோம் பென் நகரத்தின் கழிவுநீர், சுத்தி செய்யப்படாமலே தெற்கேயுள்ள ஏரிகளில் சென்று விழுந்தது. அந்த நீரில் வள்ளைக்கீரை பயிரிட்டுப் பிழைத்த குடும்பங்கள் அநேகம். உலகம் புகழ்ந்த கணக்குப் புத்தகத்தில் அந்த ஏரிகளுக்கு ஒரு பத்திகூட இல்லை! எனவே, ஒரு ஸ்தாபனத்தின் திறமையை அளக்க வேண்டுமானால், ஆற்றில் எடுத்ததையும் வீட்டில் கொடுத்ததையும் மட்டும் பார்த்தால் போதாது; திரும்ப ஆற்றிலும் ஏரியிலும் விட்டது எப்படிப்பட்ட நீர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நமது சென்னைக்கும் இந்தப் பாடம் பொருந்தும். மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் ஏற்பட்டன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும்படி அமைக்கப்பட்டது. அவ்வகை ஆலைகளில் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் மூன்று நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. அப்படிப் பெற்ற தண்ணீர் தெருக்குழாயில் ஒழுகினால், ஒழுகுவது தண்ணீர் மட்டுமா?

ஓட்டைக் குடத்தை வைத்துக்கொண்டு புதுக் கிணறு தோண்டுவது புத்திசாலித்தனமாகாது. எத்தனை நீர் எடுத்தீர்கள், எத்தனை கொடுத்தீர்கள், எதைத் திருப்பி விட்டீர்கள் என்ற மூன்று கேள்விகளையும் நகரத்தை ஆள்வோரிடம் கேட்கும் உரிமை, வரி செலுத்தும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. நாம் கேட்டாலன்றி அந்தக் கணக்கை எழுதுவார் யார்?